தரையில் விரிந்த வரலாறு

சேலம் மாநகரின் புறப்பகுதியில் புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்த நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். வழவழப்பான கல் பதித்த விசாலமான கூடம். அதன் நடுவே செந்நிறமும் கருநீலமும் கலந்த பெரிய விரிப்பு ஒன்று கிடந்தது. நடுவில் பதக்கம், நான்கு மூலைகளிலும் பூங்கொடிகள், சுற்றிலும் மூன்று வரிசைக் கரை. காண்போர் கண்ணைக் கவரும் வேலைப்பாடுதான். "அசல் பாரசீகக் கம்பளம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாதி விலைக்குக் கிடைத்தது" என்றார் நண்பர், பெருமிதத்துடன்.

விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். கம்பளி இழை ஒன்றுகூட அதில் இல்லை. முழுவதும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த செயற்கை இழை. இயந்திரத்தில் நெய்து, அடியில் பசை பூசிக் காய வைத்தது. பாரசீகத்திலிருந்து அதற்கு வந்து சேர்ந்தது சித்திரம் மட்டுமே. கூடத்தின் மூலையில் பழைய பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்து அமர்ந்திருந்த நண்பரின் தாயார், "அதில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் வேர்க்கிறது தம்பி. எனக்கு இதுவே போதும்" என்றார்.

நண்பரின் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்து அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். "நல்ல கம்பளத்தை எப்படித் தெரிந்துகொள்வது? நம் பக்கத்தில் அப்படியொரு நெசவு இருந்ததுண்டா?" முதல் கேள்வி கடைவீதியைப் பற்றியது, இரண்டாவது வரலாற்றைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை தேடினால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று தோன்றியது. அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை.

கம்பளியின் தொன்மை

ஆட்டின் மயிரை நூலாக்கி விரிப்பு நெய்யும் கலை மிகப் பழமையானது. 1940களின் பிற்பகுதியில், சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பாசிரிக் என்னுமிடத்தில், ருஷ்ய ஆய்வாளர் செர்கேய் ருதென்கோ ஒரு புதைகுழியைத் திறந்தார். பனியில் உறைந்திருந்த அக்குழியில், ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரமான ஒரு முடிச்சுக் கம்பளம் நிறம் மங்காமல் கிடைத்தது. அதன் வயது சற்றேறக்குறைய 2,400 ஆண்டுகள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சுகள் வீதம், பன்னிரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட முடிச்சுகள் அதில் உள்ளன. இன்று அது புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

மந்தை மேய்த்து வாழ்ந்த மக்களுக்குக் கம்பளி வெறும் ஆடம்பரமன்று. கூடாரமும் படுக்கையும் சேணமும் அதுவே. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம், கால்நடைகளின் கம்பளியையும் உரோமத்தையும் முடியையும் இல்லத்திற்கான பொருள்களாக இறைவன் அளித்த அருட்கொடைகளுள் வைத்துப் பேசுகிறது. தொழுகைக்கான முசல்லாவில் மிஹ்ராப் வளைவைச் சித்திரமாக நெய்வதும், பலர் தோளோடு தோள் நின்று தொழுவதற்கென வளைவுகளை வரிசையாக அமைத்து நீண்ட ஸஃப் கம்பளங்களை நெய்வதும் முஸ்லிம் உலகில் வளர்ந்த மரபுகள். துருக்கி, பாரசீகம், மத்திய ஆசியா ஆகிய நாடுகளில் இக்கலை உச்சம் பெற்றது.

தென்னாட்டிற்கு வந்த வழி

இந்தியாவில் முடிச்சுக் கம்பள நெசவு பெருந்தொழிலாக வேரூன்றியது மொகலாயர் காலத்தில். அக்பரின் ஆட்சிச் செய்திகளைத் தொகுத்த அபுல் ஃபஸ்ல், தமது ஆயினே அக்பரீ நூலில் ஆக்ரா, ஃபத்தேபூர், லாகூர் ஆகிய ஊர்களின் கம்பள நெசவைக் குறிப்பிடுகிறார். தக்காணத்து சுல்தான்களின் நாட்டிலும் இக்கலை பரவியது. வாரங்கல், மசூலிப்பட்டினம், ஏலூரு ஆகியவை பெயர்பெற்ற நெசவு ஊர்களாயின. பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் நெசவாளர்களால் தொடங்கப்பட்டது தங்கள் தொழில் என்பது ஏலூரு மக்களின் வழிவழிச் செய்தி. சோழமண்டலக் கரையிலிருந்து டச்சு வணிகர்கள் ஏற்றிச் சென்ற தக்காணக் கம்பளங்கள் ஜப்பான் வரை சென்றன. கியோட்டோ நகரின் கியோன் திருவிழா ஊர்திகளை அலங்கரிக்கும் பழைய விரிப்புகளில் அவையும் உள்ளன.

தமிழகத்தின் வடபகுதியில், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாப்பேட்டையும் கம்பள நெசவுக்குப் புகழ்பெற்றிருந்தது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது அந்த வாலாஜா சாலை நிலையத்திற்குத்தான். ஆயினும் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி அமைந்தது. ஊரின் பழைய வணிகப் பெருமை மெல்லக் குன்றியது.

இப்படி வடக்கே ஏலூருவும் வாலாஜாப்பேட்டையும் முடிச்சுக் கம்பளம் நெய்தபோது, அவற்றுக்குத் தெற்கே இருந்த சேலம், நாமக்கல் சமவெளியில் என்ன நெய்தார்கள்? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. துணி கொள்முதலுக்காகவே கம்பெனி சேலத்தில் வணிக முகவர் ஒருவரை அமர்த்தியது. நெசவுக்கு அத்துணைப் பெயர்பெற்ற நாடு இது. ஆனால் அந்த நெசவு பருத்தியும் பட்டும் சார்ந்தது. கம்பளி நெசவின் நிலையை அறிய வேண்டுமானால் தறியை விட்டுவிட்டு முதலில் ஆட்டுப்பட்டிக்குச் செல்ல வேண்டும்.

கம்பளி இல்லாத செம்மறி

சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரால் அறியப்படும் செம்மறியாட்டைக் காணாதவர் இப்பகுதியில் இருக்க மாட்டார்கள். இளம் பழுப்பு நிறம், குட்டையான மயிர். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் இவ்வினம் பரவியுள்ளது. இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1978இல் பொட்டனேரியில் நிறுவப்பட்டது. இந்த ஆட்டின் சிறப்பு அதன் இறைச்சியும் தோலும். அதன் உடலில் நூற்பதற்கேற்ற கம்பளியே கிடையாது. வெயில் கொளுத்தும் சமவெளியில் போர்வையைச் சுமந்து திரிய அதற்குத் தேவை இருக்கவில்லை. ஆகவே, சேலத்துச் சமவெளி கம்பளிக் கம்பளத்தின் தாயகமாக அமையாததற்கு முதற்காரணம் இயற்கையே.

எனினும் தமிழகத்தில் கம்பளி தரும் ஆடுகள் இல்லாமலில்லை. கோவைப் பக்கத்துக் குறும்பை ஆடும், திருச்சிப் பக்கத்துக் கருங்குறும்பை ஆடும் முரட்டுக் கம்பளி தருபவை. ஆண்டுக்கு ஓர் ஆட்டிலிருந்து கிடைக்கும் கம்பளி ஒரு கிலோவை எட்டுவது அரிது. இழையும் தடித்தது. ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரான் அளவில் இருக்க, நம்முடையது அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன் கொண்டது. உடுத்தினால் உறுத்தும்; ஆனால் மிதித்தால் நிமிர்ந்து நிற்கும்.

இக்கம்பளியைக் கொண்டு குறும்பர் சமூகத்தார் நெய்ததே கம்பளி என்னும் போர்வை. ஆட்டை நீரில் குளிப்பாட்டி, மயிரைக் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, கையால் நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கி நெய்வார்கள். குறுகிய பட்டைகளாக நெய்து பின்னர் இணைத்துத் தைப்பதும் உண்டு. பெரும்பாலும் சாயமே கிடையாது. ஆட்டின் கருப்பே கம்பளியின் கருப்பு. மேய்ப்பவனுக்கு அது இரவில் படுக்கை, மழையில் மடித்துத் தலையில் போட்டுக்கொண்டால் குடை, வெயிலில் நிழல். பிரான்சிஸ் புக்கானன் 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டிலும் கொங்கு நாட்டிலும் பயணம் செய்து எழுதிய நூல், இத்தகைய கம்பளிகளையும் அவற்றை நெய்தோரையும் பற்றிப் பேசுகிறது. அரண்மனைக்குச் செல்லாத நெசவாதலால் இதைப் புகழ்ந்து பாடியவர் இலர். ஆனால் தென்னாட்டுக் கைந்நெசவுக் கம்பளி விரிப்பின் உண்மையான வேர் இதுவே.

காவிரிக்கரையின் ஜமக்காளம்

கம்பளி குறைந்த நாட்டில் தரைக்கு எதை விரிப்பது? பருத்தி அதற்கு விடையாக வந்தது. நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தின் எதிர்க்கரையில், காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் உள்ளது பவானி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி சந்தையில் வந்து குவிந்தபோது, மெல்லிய துணி நெய்து வாழ முடியாது என்று கண்ட இவ்வூர் ஜங்கம நெசவாளர்கள் தடித்த நூலுக்கு மாறினார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என அகன்ற பட்டைகளாக அவர்கள் குழித்தறியில் நெய்த விரிப்பே பவானி ஜமக்காளம். பின்னாளில் செயற்கைப் பட்டு நூலில் பூவேலைக் கரையிட்ட வகையும் சேர்ந்தது.

ஜமக்காளம் என்னும் சொல்லே பல மொழிகளில் பயணம் செய்தது. கன்னடத்திலும் மராத்தியிலும் அதே பொருளுக்கு ஜம்கானா என்பார்கள். சொல் எங்கிருந்து வந்தாலும் பொருள் நம் வீட்டுப் பொருளாகிவிட்டது. நிக்காஹ் சபையில் பெரியவர்கள் அமர்வதும், மீலாது மேடைக்கு முன் குழந்தைகள் உறங்கிப் போவதும், மய்யித்து வீட்டில் வந்தவர்கள் மௌனமாக உட்கார்ந்திருப்பதும் அந்தப் பட்டைக்கோட்டு விரிப்பில்தான். நம் இன்பதுன்பம் அனைத்தையும் அறிந்த விரிப்பு அது. அதை நெய்த கைகள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்று நாம் கேட்டதில்லை. யாருடைய வீட்டில் விரியும் என்று அவர்களும் கேட்டதில்லை.

1985இல் நடுவண் அரசு கைத்தறிக்கு ஒதுக்கீடு செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஜமக்காளமும் கம்பளியும் இடம்பெற்றன. ஆலை உரிமையாளர்களும் விசைத்தறியாளர்களும் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1993இல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டமும் முத்திரையும் இருந்தும், விசைத்தறியில் நெய்த போலிகள் அதே பெயரில் விற்பதாகப் பவானி நெசவாளர்கள் முறையிட்டு வருகிறார்கள். சட்டம் கடைவாசல் வரைதான் வரும். கடைக்குள் நுழைந்து கையில் எடுத்துப் பார்ப்பவர் வாங்குபவர் மட்டுமே.

மலிவு செய்த கேடு

இனி, தென்னாட்டு முடிச்சுக் கம்பளம் ஏன் வீழ்ந்தது என்பதைக் காண்போம். 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் வாரங்கல் உள்ளிட்ட இந்திய ஊர்களின் கம்பளங்களைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். அந்த வியப்பு பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது. கேடும் அவ்வழியே புகுந்தது. குறைந்த விலைக்கு, விரைவில், நிறையச் சரக்கு வேண்டும் என்று கேட்டார்கள் வணிகர்கள். அக்கட்டளையை நிறைவேற்ற மூன்று குறுக்குவழிகள் கிடைத்தன.

முதலாவது, சிறைச்சாலை. ஆக்ரா, லாகூர், எரவாடா, வேலூர் முதலிய சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்வித்தார்கள். ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்த மாபெரும் கம்பளம் 1894இல் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டைக்குச் சென்றது. அவர்களுள் நல்ல கைவேலைக்காரர்கள் இருந்திருக்கலாம். ஆனால் குடும்பம் காக்கக் கூலி கேட்கும் நெசவாளன், கூலி கேட்க இயலாத கைதியோடு எப்படிப் போட்டியிட முடியும்? இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880இல் நூல் வெளியிட்ட ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் ஆங்கிலேயரே, இச்சிறை நெசவு மரபுக்கலையைக் கெடுக்கிறது என்று குறைகூறினார்.

இரண்டாவது, சாயம். அவுரியின் நீலம், அரக்கின் சிவப்பு, மஞ்சள், கடுக்காய் எனத் தலைமுறை தலைமுறையாக அறிந்த சாயங்களைக் காய்ச்ச நாள்கள் பிடிக்கும். 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் முதல் அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்தபின், பொட்டலத்தைப் பிரித்துக் கொதிநீரில் கொட்டினால் போதும் என்றாயிற்று. அக்காலத்து அனிலின் சாயங்கள் முதல் ஆண்டில் கண்ணைப் பறித்தன. சில ஆண்டு வெயிலில் வெளுத்தன. நீர் பட்டால் ஒன்றோடொன்று கலந்தன. பாரசீக அரசே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சாயங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய காவல் இருக்கவில்லை.

மூன்றாவது, கம்பளி. இதை எழுதும்போது சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது. நம் சமுதாயத்தின் கதையும் இதில் கலந்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முதலிடம் பெற்றார்கள். அந்தச் செல்வம் பள்ளிவாசல்களாகவும் கல்விக்கூடங்களாகவும் மலர்ந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பில் ஊற வைப்பார்கள். அப்படிப் பிரிந்துவரும் மயிர் கழிவுப் பொருள், மிக மலிவு. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியில் இயற்கையான நெய்ப்பசை இருக்கும். சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும், இழை முறியும், சாயம் சீராக ஏறாது. இத்தகைய செத்த கம்பளி மலிவுக் கம்பளங்களில் கலந்தது. புதிதில் வேறுபாடு தெரியாது. சில ஆண்டுகள் மிதிபட்டபின், உதிர்ந்து போன இடங்கள் உண்மையைச் சொல்லும்.

தோல் வணிகர் மீதோ நெசவாளர் மீதோ பழி சுமத்துவது நம் நோக்கமன்று. கழிவை விற்றவர் தம் தொழிலைச் செய்தார். அதை வாங்கி நெய்தவர் வயிற்றுக்காக நெய்தார். மலிவு வேண்டும் என்ற கட்டளை மேலிருந்து வந்தது. அதற்கும் மேலே, பாதி விலைக்கு அரண்மனைக் கம்பளம் கேட்ட வீட்டார் இருந்தார்கள். ஹென்றி ஹாரிஸ் எழுதிய தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றிய அறிக்கை 1908இல் சென்னையில் வெளிவந்தபோது, இத்தொழிலின் பொற்காலம் கடந்துபோய்விட்டிருந்தது.

பிஞ்சுக் கைகள்

மலிவின் கதை அத்துடன் முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் உத்தரப் பிரதேசத்து பதோஹி, மிர்சாபூர் பகுதி இந்தியக் கம்பள ஏற்றுமதியின் தலைமையிடமாயிற்று. அங்கும் வாங்குவோர் விலையைக் குறைக்கக் குறைக்க, தறிமுன் சிறுவர்கள் அமர்த்தப்பட்டார்கள். சிறு விரல்கள்தாம் நுண்ணிய முடிச்சுப் போட வல்லவை என்று ஒரு பொய்யும் பரப்பப்பட்டது. தேர்ந்த கம்பளங்களை வளர்ந்த கைவினைஞர்களே நெய்கிறார்கள் என்பதுதான் உண்மை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் கம்பள நெசவைக் குழந்தைகளுக்கு விலக்கப்பட்ட தொழில்களுள் சேர்த்தது. கைலாஷ் சத்யார்த்தி முதலானோரின் முயற்சியால், குழந்தை உழைப்பின்றி நெய்த கம்பளத்திற்கு அடையாளமாக ரக்மார்க் முத்திரை 1994இல் தொடங்கியது. 2009 முதல் அது குட்வீவ் என்ற பெயரில் வழங்குகிறது.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் உள்ள ஒரு சிறிய கம்பளம் 15 சதுர அடி. அதாவது 2,160 சதுர அங்குலம். அங்குலத்திற்கு 100 முடிச்சுகள் என்ற நடுத்தர வேலையே ஆனாலும் மொத்தம் 2,16,000 முடிச்சுகள். தேர்ந்த நெசவாளி ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சுகள் போடுவதாகக் கொண்டால், 27 நாள் உழைப்பு. நூற்பு, சாயம், கழுவல், கத்தரிப்பு ஆகியவை இதில் சேரவில்லை. இந்த அளவுள்ள முடிச்சுக் கம்பளம் என்று யாரேனும் ஒரு வாரக் கூலிக்குக் கொடுத்தால், அது முடிச்சுக் கம்பளமாக இருக்க முடியாது. அல்லது யாரோ ஒருவருக்கு, ஒருவேளை ஒரு குழந்தைக்கு, கூலி போய்ச் சேரவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

வரலாறு கற்பித்த பாடத்தை இப்போது நண்பரின் முதல் கேள்விக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுக் கம்பளத்தின் சித்திரம் பின்புறத்திலும் ஏறக்குறைய அதே தெளிவுடன் தெரியும். முடிச்சுகள் மணிமணியாக, சிறு ஒழுங்கின்மைகளுடன் இருக்கும். பின்புறம் துணி ஒட்டிப் பசை பூசியிருந்தால், அது கைத்துப்பாக்கி போன்ற கருவியால் இழையைக் குத்திச் செருகியதாகவோ இயந்திரத்தில் செய்ததாகவோ இருக்கும். குத்திச் செய்தது குற்றமன்று. ஆனால் அதற்கு முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுக்கலாகாது. குஞ்சமும் கவனத்திற்குரியது. உண்மைக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சி. போலியில் அது தனியே தைத்த ஒட்டு.

அடுத்து இழையைச் சோதியுங்கள். இரண்டொரு இழையைப் பிடுங்கி, பாதுகாப்பாக நெருப்பில் காட்டினால், கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் சுருண்டு, நெருப்பை விலக்கியதும் அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் செயற்கைப் பட்டும் காகிதம்போல் எரியும். பிளாஸ்டிக் இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியேயானாலும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நல்ல கம்பளி மீண்டும் நிமிரும். புதிய கம்பளத்தில் சிறிது பஞ்சு உதிர்வது இயல்பு. வறண்டு, துண்டு துண்டாக முறிந்து உதிர்ந்தால், அது செத்த கம்பளி என்று ஐயப்படலாம்.

மூன்றாவது, சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம். இன்றைய செயற்கைச் சாயங்களில் உறுதியானவை பல உண்டு. ஆகவே தாவரச் சாயம் என்ற சொல்லுக்காக மட்டும் அதிக விலை கொடுக்கத் தேவையில்லை; சாயம் நிற்கிறதா என்பதே கேள்வி.

நான்காவது, முத்திரையும் பிறப்பிடமும். குட்வீவ் முத்திரை, 2006இல் தொடங்கிய கைத்தறி முத்திரை, காஷ்மீர், பதோஹிக் கம்பளங்களுக்கும் பவானி ஜமக்காளத்திற்கும் உள்ள புவிசார் குறியீடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். எங்கே நெய்தது, யார் நெய்தது என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையில் விலை மட்டும் தெளிவாகச் சொல்லப்படுமானால் சற்று யோசியுங்கள்.

ஐந்தாவது, நம் மண்ணின் தட்பவெப்பம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததுபோல் தோன்றாத இழை. அதனால் மனித உடலுக்கு உகந்தது. ஆனால் சேலத்துக் கோடையில் சுவரோடு சுவராகக் கூடம் முழுவதும் கம்பளி விரிப்பது வீண். தூசி தங்கும், பூச்சி புகும். குளிர்ந்த கல் தரையில் பெரியவர்கள் கால் வைக்குமிடம், படுக்கையின் ஓரம், தொழும் இடம், படிக்கும் மூலை ஆகியவற்றுக்குச் சிறிய கம்பளி விரிப்பு ஒன்றிரண்டு போதும். கூடத்தின் அன்றாடப் பயனுக்குப் பருத்தி ஜமக்காளமே ஏற்றது. கோடை வந்ததும் கம்பளியை நிழலுலர்த்தி, தட்டி, காய்ந்த வேப்பிலை இட்டுச் சுருட்டிப் பத்திரப்படுத்தலாம். மடித்தால் மடிப்பில் முறியும், சுருட்டுவதே முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்காணத்துச் செம்மறிகளின் முரட்டுக் கம்பளியை வாங்குவாரின்றி மேய்ப்பர்கள் எறிந்துவிடும் நிலை இன்று வந்துள்ளது. கத்தரிக்கும் கூலிக்குக்கூட அது விலை போவதில்லை. அணிவதற்கு உறுத்தும் அந்தக் கம்பளி தரை விரிப்புக்கு நன்றாக உழைக்கக்கூடியது. சாயமேறாத கருங்கம்பளி விரிப்பு ஒன்று, இன்றைய வீடுகளின் எளிய வெண்சுவருக்கு எந்த அரண்மனைச் சித்திரத்தையும்விட அழகாகப் பொருந்தும். சேலத்தில் 1960 முதல் இயங்கி வரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் போன்ற நிறுவனங்களில் பயின்று வெளிவரும் இளைஞர்கள் குறும்பரின் தறியையும் திரும்பிப் பார்ப்பார்களேயானால், மறைந்துவரும் ஒரு நெசவு நம் கண்ணெதிரே மீளக்கூடும். ஆனால் வாங்குவார் இருந்தால்தான் நெய்வார் இருப்பார்.

நெய்தவன் பெயர்

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபீல் கம்பளம் என்ற உலகப்புகழ் பெற்ற விரிப்பு உள்ளது. பாரசீகத்தில் ஷெய்க் ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்திலிருந்து வந்தது. பத்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அதை 1893இல் 2,000 பவுனுக்கு வாங்கினார்கள். அதன் ஒரு முனையில், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் மக்ஸூத் காஷானி என்ற பெயரும் நெய்யப்பட்டுள்ளன. கம்பளத்தை உருவாக்கிய பெருங்கலைஞன் ஒருவனின் பெயர், அரசர் பெயர்களுக்கு நிகராக ஐந்நூறு ஆண்டுகளை நெருங்கி நிலைத்துவிட்டது. ஆனால் அவன் மேற்பார்வையில் இரண்டரைக் கோடி முடிச்சுகளைப் போட்ட விரல்கள் யாருடையவை என்று அக்கம்பளம் சொல்லவில்லை.

நம் வீட்டு விரிப்புகளில் எவர் பெயரும் இல்லை. பவானியில் குழித்தறியில் கால் வைத்து அமர்ந்தவர் பெயரும் இல்லை. புளியங்கொட்டைக் கஞ்சி காய்ச்சிய குறும்பப் பெண்ணின் பெயரும் இல்லை. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, உழைப்பின் உண்மையான விலையைக் கொடுத்து வாங்குவது ஒன்றே. கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற போதனையில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. வாங்குமிடத்திலும் அது நினைவிருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

விடைபெறும்போது நண்பர் அந்தப் பெரிய விரிப்பைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். அதைத் தூக்கி எறியச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. வாங்கிய பொருளை வீணாக்குவதும் முறையன்று. வெற்றுத் தரையைப் பார்த்துச் சற்று நேரம் நின்றவர், தாயாரிடம் சென்று, "அம்மா, இந்த ஜமக்காளம் எங்கே வாங்கியது?" என்று கேட்டார். "உங்கள் அத்தா குமாரபாளையத்துப் பாலத்தைத் தாண்டிப் போய், தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கி வந்தது" என்றார் அந்த மூதாட்டி. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதன் சிவப்பு மங்காமல் இருந்தது.